அரச மணவிழா நினைவு நாணயங்களைச் சேகரித்தல்: எல்லை வகுப்பதில் இருந்து பதிவேடு வரை

மன்னர், அரசியரின் திருமண ஆண்டு நிறைவை ஒட்டி வெளியான நாணயங்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் ஒரே வகையில்தான் தடுமாறுகிறார்கள். நாணயத்தை முதலில் வாங்கிவிட்டு, அது என்ன என்பதைப் பிறகு தேடுகிறார்கள். கீழே உள்ள படிகளின் வரிசை அந்தப் பழக்கத்தைத் திருப்பிப் போடுவதற்காகவே அமைந்தது. எடுத்துக்காட்டுக்கு இரண்டாம் எலிசபெத் அரசி, இளவரசர் பிலிப் இணையரின் மணவிழாக்களுக்கு வந்த நான்கு பிரிட்டிஷ் நாணயங்களை முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். அவை எளிதில் கிடைப்பவை என்பதோடு, புதியவர் விழும் குழிகள் ஏறக்குறைய அனைத்தும் அந்த நான்கு நாணயங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

1. எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

அரச குடும்பம் சார்ந்த நினைவு நாணயங்கள் முடிவில்லாதவை: பிறந்த நாள், முடிசூட்டு விழா, ஆட்சி விழா, திருமணம், மறைவு என ஒவ்வொன்றுக்கும் நாணயம் உண்டு. அனைத்தையும் சேர்க்க முனைபவர் ஆறு மாதத்தில் களைத்துவிடுவார். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன், எதைச் சேர்க்கப் போவதில்லை என்பதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கத்துக்கு நான் பரிந்துரைப்பது பிரிட்டனின் நான்கு நாணயங்கள். எலிசபெத்தும் பிலிப்பும் 1947 நவம்பர் 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் மணம் புரிந்தனர். அதை ஒட்டி 25ஆம் ஆண்டுக்கு 1972இலும், 50ஆம் ஆண்டுக்கு 1997இலும், 60ஆம் ஆண்டுக்கு 2007இலும், 70ஆம் ஆண்டுக்கு 2017இலும் பிரிட்டன் நாணயம் வெளியிட்டது. பிலிப் 2021 ஏப்ரலில் மறைந்ததால் இந்த வரிசையில் இனி புதிதாக ஒன்று சேர வழியில்லை. தொடக்கநிலைச் சேகரிப்பாளருக்கு இப்படி மூடிய வரிசைதான் ஏற்றது, ஏனெனில் நான்கும் சேர்ந்ததும் தொகுப்பு உண்மையிலேயே முழுமையடைகிறது.

40ஆம் ஆண்டான 1987க்குப் பிரிட்டன் தனியே நாணயம் வெளியிடவில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். விடுபட்ட ஒன்றைத் தேடுவதாக எண்ணிக்கொண்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாவது வட்டமாக, 1972இல் கெர்ன்சி, மேன் தீவு, ஜிப்ரால்டர், பெர்முடா முதலியவை வெளியிட்ட வெள்ளி மணவிழா நாணயங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். அதே ஆண்டு ஜெர்சி தீவு தங்கமும் வெள்ளியுமாக ஒரு பெரிய தொகுப்பையே வெளியிட்டது. முதல் வட்டம் முடியும் வரை அதன் பக்கம் போக வேண்டாம்.

2. விழா எதற்கு என்பதை வாசிக்கப் பழகுங்கள்

மிகுதியான பணம் வீணாவது இந்த இடத்தில்தான். அரசியின் ஆட்சிக்கும் வெள்ளி விழா, பொன் விழா, வைர விழா, பிளாட்டின விழா நடந்தன. அவருடைய திருமணத்துக்கும் அதே பெயர்களில் விழாக்கள் நடந்தன. ஆட்சி விழாக்கள் 1977, 2002, 2012, 2022 ஆகிய ஆண்டுகளிலும், மண விழாக்கள் 1972, 1997, 2007, 2017 ஆகிய ஆண்டுகளிலும் வந்தன. விற்பனை அறிவிப்புகளில் இவை சர்வசாதாரணமாக மாறிப்போகின்றன.

அறிவிப்பின் தலைப்பை நம்பாமல் நாணயத்தின் எழுத்தை வாசியுங்கள். திருமண ஆண்டான 1947, விழா ஆண்டோடு சேர்ந்து பொறிக்கப்பட்டிருந்தால் அது மணவிழா நாணயம். 1972, 1997, 2007 ஆகிய மூன்றிலும் இதைத் தெளிவாகக் காணலாம். 1972 நாணயத்தின் பின்பக்கத்தில் எலிசபெத், பிலிப் என்ற பெயர்களும், நவம்பர் 20 என்ற தேதியும், 1947–1972 என்ற ஆண்டுகளும் சுற்றி ஓடுகின்றன.

படத்தை வைத்துக் கண்டுபிடிக்கவும் ஒரு குறுக்குவழி உண்டு. 1977, 2002, 2022 ஆட்சி விழா நாணயங்களில் அரசி தனியாகக் குதிரை மேல் அமர்ந்திருப்பார். 2017 மணவிழா நாணயத்தில் இருவரும் குதிரைகளில் வருவார்கள். ஒரு குதிரை என்றால் ஆட்சி, இரண்டு குதிரை என்றால் கல்யாணம் என்று நான் புதியவர்களிடம் சொல்வதுண்டு. சிரிப்பார்கள், ஆனால் மறப்பதில்லை.

மற்ற மூன்றின் அடையாளங்களையும் மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள். 1972 நாணயத்தின் இருபக்கங்களையும் ஆர்னால்ட் மேச்சின் வடிவமைத்தார். பின்பக்கத்தில் மலர் வளையமும் மணிமுடியும் பெயர்களின் முதலெழுத்துகளும் அவற்றுக்கிடையே காதல் தேவனான ஈரோஸின் உருவமும் இருக்கும். 1997 நாணயத்தில் பிலிப் நாதன் செதுக்கிய இணைமுகம் (இருவர் முகமும் சேர்ந்த உருவம்) முன்பக்கத்திலும், இருவருடைய குலச் சின்னங்கள் பின்பக்கத்திலும் உள்ளன. 2007 நாணயத்தின் முன்பக்க இணைமுகம் இயன் ரேங்க் பிராட்லியுடையது. பின்பக்கத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் வட்ட வடிவ ரோஜா சாளரத்தை எம்மா நோபல் வரைந்திருக்கிறார்.

தமிழ் வாசகருக்கென ஒரு தனி எச்சரிக்கை தேவைப்படுகிறது. நம் ஊரில் அறுபதாம் கல்யாணம் என்பது கணவரின் வயதைக் கணக்கிட்டு நடப்பது. 2007 வைர மணவிழா அப்படியன்று. மணமாகி அறுபது ஆண்டு நிறைந்ததைக் குறிப்பது. குறிப்பேட்டில் “அரசியின் மணிவிழா” என்று எழுதிவைத்த ஒருவர், பிற்பாடு அதையே 1986இல் வந்த அரசியின் அறுபதாம் பிறந்த நாள் என்று எண்ணிக் குழம்பினார்.

3. ஒரே நாணயத்துக்குப் பல வடிவங்கள் உண்டு என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

“1972 நாணயம் வேண்டும்” என்று சொன்னால் போதாது, எந்த 1972 என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த ஆண்டின் நாணயம் மூன்று வடிவங்களில் உள்ளது. பொதுமக்களுக்காகச் செம்பு-நிக்கல் கலவையில் அடிக்கப்பட்டது முதல் வடிவம். அதன் எண்ணிக்கை 74,52,100. அதே கலவையில் கண்ணாடிபோல் மெருகேற்றி, அந்த ஆண்டின் ப்ரூஃப் தொகுப்புக்குள் வைத்து விற்றது இரண்டாவது. 925 தர வெள்ளியில் (ஆயிரத்தில் 925 பங்கு தூய வெள்ளி) தனிப் பெட்டியில் வந்த ப்ரூஃப் மூன்றாவது, இது 1,00,000.

வெள்ளி மணவிழா நாணயம் என்ற பெயரே முதல் பொறி. வெள்ளி என்ற சொல் இங்கே இருபத்தைந்து ஆண்டைச் சுட்டுகிறதே ஒழிய உலோகத்தைச் சுட்டவில்லை. எழுபத்து நான்கு லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்ட செம்பு-நிக்கல் நாணயத்தை வெள்ளி விலைக்கு வாங்கி ஏமாந்தவர்கள் அனைவரும் இந்த ஒரு சொல்லில் இடறியவர்களே. 1997 பொன் மணவிழாவுக்கும் இதே விதிதான். அதிலும் பெரும்பாலானவை செம்பு-நிக்கல், வெள்ளியும் தங்கமும் தனி வெளியீடுகள்.

இரண்டாவது பொறி இதைவிட நுட்பமானது. ப்ரூஃப் என்பது அடிக்கும் முறையின் பெயர், உலோகத்தின் பெயரன்று. மெருகேற்றிய அச்சினால், மெருகேற்றிய தகட்டின் மேல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடித்து எடுப்பதால் பின்னணி கண்ணாடியாகவும் உருவம் பனி படர்ந்ததுபோலவும் தெரிகிறது. செம்பு-நிக்கலிலும் இதைச் செய்யலாம் என்பதால், தொகுப்பிலிருந்து பிரித்தெடுத்த 1972 ப்ரூஃப் பளபளவென்று வெள்ளிபோலவே இருக்கும். அதை வெள்ளி ப்ரூஃபுக்கு உரிய பெட்டியில் மாற்றி வைத்துவிட்டால் படத்தை மட்டும் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம்.

பிந்தைய ஆண்டுகளில் பீட்ஃபோர்ட் என்ற வடிவத்தையும் காண்பீர்கள். அது சாதாரண நாணயத்தைப்போல இரு மடங்கு தடிமனும் இரு மடங்கு எடையும் கொண்டது. எடையைக் கேட்காமல் விலையை ஒப்பிட்டால், பீட்ஃபோர்டின் விலையை வைத்துச் சாதாரண வெள்ளி ப்ரூஃபை மதிப்பிட்டுவிடுவீர்கள்.

இன்னொரு பிழையும் அடிக்கடி நிகழ்கிறது. மதிப்பு பொறிக்கப்படாதது நாணயமன்று, வெறும் பதக்கம் என்று ஒரு விதியைப் புத்தகங்களில் படித்துவிட்டு, 1972 நாணயத்தைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அதன் மதிப்பு 25 பென்ஸ். ஆனால் நாணயத்தில் அது எழுதப்படவில்லை. 1990இல் கிரவுன் எனப்படும் இந்தப் பெரிய வகை பிரிட்டிஷ் நாணயத்தின் மதிப்பு ஐந்து பவுண்டாக உயர்த்தப்பட்ட பிறகு வந்த 1997, 2007 நாணயங்களில் ஐந்து பவுண்ட் என்ற எழுத்து இருக்கும்.

4. கருவிகளையும் உறைகளையும் முதலில் வாங்குங்கள்

நாணயம் வந்த பிறகு உறை தேடினால், இடைப்பட்ட வாரத்தில் அது மேசை இழுப்பறையில் சாவிக்கொத்தோடு கிடக்கும். ஆகவே பின்வருபவை முன்னரே வீட்டில் இருக்கட்டும்: 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், உள்விட்டம் 38.6 அல்லது 39 மில்லிமீட்டர் உள்ள கடினமான கேப்சூல்கள் (ஒற்றை நாணயத்தை வைத்து மூடும் வட்டக் கூடுகள்), சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஒரு மெல்லிய துணி விரிப்பு.

கேப்சூலின் அளவில் ஏன் இத்தனை கறார் என்றால், நான்கு பிரிட்டிஷ் நாணயங்களின் விட்டமும் 38.61 மில்லிமீட்டர். 40 மில்லிமீட்டர் கேப்சூலில் வைத்தால் நாணயம் உள்ளே ஆடி, ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் விளிம்பு தேயும்.

மென்மையான, வளையும் பிவிசி பிளாஸ்டிக் உறைகளை வாங்கவே வேண்டாம். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஆல்பங்களின் பக்கங்கள் பெரும்பாலும் இந்த வகை. முகர்ந்தால் புதிய மழைக்கோட்டின் வாடை வரும். நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் நாணயத்தின் மேல் பச்சையான பிசுக்காகப் படியும்.

5. விலையின் அடித்தளத்தைக் கணக்கிடுங்கள்

வெள்ளி நாணயத்துக்கு இரண்டு விலைகள் உண்டு: உள்ளே இருக்கும் உலோகத்தின் விலை, அதற்கு மேல் சேகரிப்பாளர் தரும் விலை. முதலாவதைக் கணக்கிடாமல் இரண்டாவதைப் பேரம் பேச முடியாது.

1972 வெள்ளி ப்ரூஃபின் எடை 28.28 கிராம். 925 தரம் என்பதால் தூய வெள்ளி 26.16 கிராம். அன்றைய ஒரு கிராம் வெள்ளி விலையை இதனால் பெருக்கினால் அடித்தளம் கிடைத்துவிடும். கேட்கும் விலை இதைவிடக் குறைவாக இருந்தால் மகிழாதீர்கள். யாரும் வெள்ளியை வெள்ளி விலைக்குக் கீழே தூக்கிக் கொடுப்பதில்லை, ஆகவே அது செம்பு-நிக்கலாக இருக்கவே வாய்ப்பு மிகுதி.

செம்பு-நிக்கல் வடிவத்துக்கு அடித்தளம் என்று ஒன்றும் கிடையாது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்ற பழைமை மட்டும் விலையை உயர்த்தாது, ஏனெனில் வாங்கிய குடும்பங்கள் பெரும்பாலும் செலவழிக்காமல் பத்திரப்படுத்திவிட்டன. எனவே 1972 நாணயத்துக்கு ஒருபோதும் அவசரப்பட வேண்டியதில்லை. கீறலில்லாத ஒன்று கிடைக்கும் வரை காத்திருக்கலாம்.

வரையறுக்கப்பட்ட வெளியீடு என்று சான்றிதழில் அச்சிட்ட எண் எதைக் குறிக்கிறது என்பதையும் பாருங்கள். அது பெரும்பாலும் உச்ச வரம்பு. உண்மையில் விற்றது அதைவிடக் குறைவாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொண்டால்தான் அரிதானது எது என்று தெரியும்.

6. வாங்கும்போது கேட்க வேண்டியவை

விற்பவரிடம் நான்கு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: உலோகம் என்ன, எடை எவ்வளவு, ப்ரூஃபா அல்லது சாதாரண அடிப்பா, பெட்டியும் சான்றிதழும் இந்த நாணயத்தோடு வந்தவையா. பதில் எழுத்தில் இருந்தால் திருப்பிக் கொடுக்கும்போது வாதாட வேண்டியிருக்காது.

படங்களில் முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். சாய்த்து எடுத்த ஒரு படத்தையும் கேட்டு வாங்குங்கள். நேராக எடுத்த படத்தில் ப்ரூஃபின் பின்னணி வெறும் கறுப்பாகத் தெரியும், மயிரிழைக் கீறல்கள் மறைந்துவிடும். சாய்த்தால்தான் அவை மின்னும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் நாணயத்தின் விலையோடு அஞ்சல், காப்பீடு, சுங்கம், பணமாற்றுக் கட்டணம் ஆகிய நான்கையும் கூட்டிய பிறகே முடிவெடுக்க வேண்டும். மூன்று பவுண்ட் விலையுள்ள நாணயத்துக்குப் பத்துப் பவுண்ட் அனுப்புகூலி கொடுப்பதைவிட, ஒரே விற்பனையாளரிடம் நான்கையும் சேர்த்து வாங்குவது அறிவுடைமை. காப்பீடற்ற சாதாரணத் தபாலில் நாணயம் அனுப்பச் சம்மதிக்காதீர்கள். பன்னாட்டு அஞ்சல் விதிகள் அதற்கு இடம் தருவதில்லை, தொலைந்தால் கேட்கவும் முடியாது.

7. வந்து சேர்ந்த அன்றே சோதியுங்கள்

திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகு கண்டுபிடிக்கும் பிழையால் பயனில்லை. பொட்டலத்தைப் பிரிப்பதைக் கைப்பேசியில் படம் பிடித்தபடியே செய்யுங்கள்.

துணி விரிப்பின் மேல், நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து எடை பாருங்கள். 28.28 கிராமை ஒட்டி வர வேண்டும். ஆனால் எடை சரியாக இருப்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. செம்பு-நிக்கலுக்கும் வெள்ளிக்கும் அதே எடை, அதே விட்டம் என்பதுதான் இந்த வரிசையின் சிக்கல். காந்தமும் உதவாது, இரண்டையுமே அது இழுக்காது. இரும்பில் செய்த போலியை மட்டும் அது காட்டிக்கொடுக்கும்.

ப்ரூஃபாக இருந்தால் நீரில் நனைக்கக் கூடாது என்பதால் முதலில் மெல்லிய காகிதச் சோதனை செய்யுங்கள். சந்தேக நாணயத்தையும், செம்பு-நிக்கல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றையும் அருகருகே வைத்து, இரண்டையும் மூடும்படி ஒற்றை மடிப்பு வெள்ளை டிஷ்யூ காகிதத்தை மெதுவாக விரியுங்கள். வெள்ளி அதிக ஒளியைத் திருப்பி அனுப்புவதால் காகிதத்தின் வழியே வெண்மையாகத் தெரியும்; செம்பு-நிக்கல் சாம்பல் நிற வட்டமாகத் தெரியும். முதன்முறை செய்து பார்த்தபோது வேறுபாடு இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ப்ரூஃப் அல்லாத, ஏற்கெனவே புழங்கிய நாணயமாக இருந்தால் அடர்த்திச் சோதனையே முடிவான விடை தரும். தராசின் மேல் பாதி நீர் நிரம்பிய கண்ணாடித் தம்ளரை வைத்து எண்ணைச் சுழியாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. வெள்ளியாக இருந்தால் ஏறக்குறைய 2.73 கிராம், செம்பு-நிக்கலாக இருந்தால் ஏறக்குறைய 3.16 கிராம் வரும். நாணயத்தின் எடையை இந்த எண்ணால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி: முதலாவதற்குப் பத்துக்குச் சற்று மேல், இரண்டாவதற்கு ஒன்பதுக்குச் சற்றுக் கீழ்.

இங்கே நிகழும் தவறுகள் இரண்டு. நாணயம் தம்ளரின் அடியைத் தொட்டுவிட்டால் முழு எடையும் தராசில் விழுந்துவிடும். நாணயத்தில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் எண் கூடிவிடும். நூலைச் சற்றே அசைத்தால் குமிழி விலகும். முடிந்ததும் மென்துணியில் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

8. துலக்காதீர்கள்

வெள்ளியைக் கண்டதும் துலக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் ஊறிய பழக்கம். குத்துவிளக்கானால் புளி, வெள்ளிக் கிண்ணமானால் விபூதி. என் சேகரிப்பில் 1906ஆம் ஆண்டின் ஜெர்மானிய இரண்டு மார்க் நாணயம் ஒன்று உண்டு. பூசை சாமான்களோடு அதுவும் கறுத்துக் கிடப்பதைப் பார்த்து, வீட்டில் அன்போடு விபூதி போட்டுத் தேய்த்துக் கொடுத்தார்கள். பார்வைக்குப் புதிதுபோல் மின்னியது. விளக்கடியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் கன்னத்தின் மேலும் வெற்றிடத்திலும் வட்டம் வட்டமாக நூற்றுக்கணக்கான மயிரிழைக் கோடுகள். தவறு என்னுடையது, சேகரிப்பு நாணயம் பூசையறைக்கு அருகில் இருந்திருக்கவே கூடாது.

கருமை என்பது காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு வினைபுரிந்து உண்டாகும் மெல்லிய படலம். அதைத் தேய்த்து நீக்கும்போது படலத்தோடு மேற்பரப்பின் வெள்ளியும் போகிறது, அது திரும்ப வராது. பல்பொடி, சமையல் சோடா, நகைக்கடைத் திரவம் ஆகிய எதற்கும் இந்த விதியில் விலக்கில்லை. சீராகப் படர்ந்த பழுப்பு, நீல நிறங்களுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் சேகரிப்பாளர்களும் இருக்கிறார்கள்.

ப்ரூஃபின் மேல் ஊதவும் வேண்டாம். எச்சில் துளி விழுந்த இடம் சில மாதங்களில் புள்ளியாக மாறும்.

9. வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

சென்னையைப் போன்ற கடற்கரை நகரங்களில் ஈரம்தான் முதல் எதிரி. கேப்சூலில் இட்ட நாணயங்களை மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் பொட்டலங்களை மாற்றுங்கள். நிறம் மாறிக் காட்டும் வகை சிலிக்கா ஜெல் கிடைத்தால் எப்போது மாற்றுவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

ரப்பர் வளையம் போட்டுக் கட்டாதீர்கள்; ரப்பரிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கோடாகக் கறுக்கச் செய்யும். செய்தித்தாளில் சுற்றுவதும் வேண்டாம். அசல் பெட்டியையும் சான்றிதழையும் எறியாமல் தனியே வைத்துக்கொள்ளுங்கள், விற்கும் நாளில் அவை இல்லாவிட்டால் விலை குறையும்.

10. பழைய ஐரோப்பிய மணவிழா நாணயங்களுக்குப் போகும்போது

நான்கும் சேர்ந்து, சோதனைகளும் கைவந்த பிறகு இந்தப் பக்கம் வரலாம். இங்கே ப்ரூஃபும் சான்றிதழும் அவ்வளவாக இல்லை. உண்மையான வெள்ளி, உண்மையான தேய்மானம், உண்மையான போலி மூன்றும் உண்டு.

நல்ல தொடக்கம் ஜெர்மானியப் பேரரசில் இருந்த பாடன் நாட்டின் 1906 நாணயங்கள். பெருங்கோமான் முதலாம் பிரெடெரிக்கும் லூயிசாவும் 1856இல் மணந்த பொன்விழாவுக்கு 2 மார்க், 5 மார்க் என இரண்டு வெளியாயின. இங்கும் முன்சொன்ன குழி காத்திருக்கிறது: அதே பிரெடெரிக்கின் ஆட்சிப் பொன்விழாவுக்கு 1902இலும் அதே மதிப்புகளில் நாணயங்கள் வந்தன. கணவன் மனைவி இருவர் முகமும் இருப்பதே மணவிழா நாணயம்.

பேரரசு கால ஜெர்மானிய வெள்ளியைக் கணக்கிட எளிய வழி ஒன்றுண்டு. 900 தர வெள்ளியில் ஒரு மார்க்குக்கு 5 கிராம் தூய வெள்ளி. ஆகவே 2 மார்க்கில் 10 கிராம், 3 மார்க்கில் 15 கிராம், 5 மார்க்கில் 25 கிராம். மொத்த எடை முறையே 11.11, 16.67, 27.78 கிராம் இருக்க வேண்டும்.

அடுத்தது வூர்ட்டம்பெர்க் மன்னர் இரண்டாம் வில்ஹெல்ம், அரசி ஷார்லோட் இணையரின் 1911 வெள்ளி மணவிழா 3 மார்க். லென்ஸ் வாங்கியதன் பயன் இங்கே தெரியும். அரசியின் பெயரில் உள்ள எச் எழுத்தின் குறுக்குக்கோடு சாதாரண நாணயத்தில் நடுவில் இருக்கும். சிலவற்றில் அது மேலே ஏறியிருக்கும். கேட்டலாக்குகள் மேலேறிய வகைக்குச் சுமார் 7,000 என்ற எண்ணிக்கையையே தருகின்றன, சாதாரண வகைக்கு ஐந்து லட்சத்தை ஒட்டிய எண்ணைத் தருகின்றன. விலை வேறுபாடும் அதற்கேற்பவே இருப்பதால், குறுக்குக்கோட்டைச் சுரண்டி மாற்றியிருக்கிறார்களா என்று அந்த எழுத்தைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை உற்றுப் பாருங்கள்.

பவேரியாவின் கடைசி மன்னர் மூன்றாம் லூட்விக்கின் 1918 பொன் மணவிழா 3 மார்க் ஏறத்தாழ 130 மட்டுமே அடிக்கப்பட்டது. குறைந்த விலையில் யாராவது அதைக் காட்டினால் பேச்சை வளர்க்காமல் நகர்ந்துவிடுங்கள். இத்தகைய நாணயத்தைப் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களின் முத்திரைப் பெட்டியில் மட்டுமே வாங்க வேண்டும். பெட்டி எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபார்த்து, அங்குள்ள படமும் கையிலிருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிட வேண்டும். பெட்டிக்கும் போலி உண்டு.

மலிவாகவும் அழகாகவும் வேண்டுபவர்களுக்கு ஸ்காண்டிநேவிய நாணயங்கள் பொருந்தும்: டென்மார்க்கின் 1892 பொன் மணவிழா 2 குரோனர், 1923 வெள்ளி மணவிழா 2 குரோனர், சுவீடனின் இரண்டாம் ஆஸ்கார் மன்னர் பொன் மணவிழாவின் 1907 2 குரோனர். மூன்றும் 15 கிராம், 800 தர வெள்ளி. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப், எலிசபெத் இணையரின் 1879 வெள்ளி மணவிழா 2 குல்டன் இவற்றைவிடப் பெரியது, விலையும் கூடியது.

இந்தியாவில் வசிப்பவர்கள் இந்தப் படிக்கு முன் ஒன்றைக் கருத வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத பழைமை உடைய நாணயத்தைத் தொல்பொருள் என்ற வரையறைக்குள் வைக்கிறது. தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அச்சட்டம் இடமளிப்பதில்லை. ஆகவே நூறாண்டு கடந்த நாணயத்தை வரவழைத்துப் பிறகு அயல்நாட்டு ஏலத்தில் விற்றுவிடலாம் என்ற திட்டத்தோடு வாங்காதீர்கள்.

11. பதிவேடு

ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு வரி போதும்: நாடு, விழா, ஆண்டு, உலோகம், வடிவம், நீங்கள் அளந்த எடை, வாங்கிய தேதி, மொத்தச் செலவு, விற்பனையாளரின் பில் எண், கேப்சூல் எண். அளந்த எடையை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத்தில் பெட்டிகள் மாறிப்போனாலும், 28.28க்குப் பதில் 28.31 என்ற உங்கள் நாணயத்தின் தனி எண் அதை அடையாளம் காட்டும்.

படங்களை அதே கேப்சூல் எண்ணில் சேமித்து, பதிவேட்டின் ஒரு நகலை நாணயங்கள் இல்லாத வேறோர் இடத்தில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும். 1972 நாணயங்களில் எது செம்பு-நிக்கல், எது வெள்ளி என்பது அந்தத் தாளைப் பார்க்காமல் அவர்களுக்குத் தெரியப்போவதில்லை.